பின்னால் நிற்கும் ஒருவன்

 

கொஞ்சம் நீண்ட பதிவு இது. ஒரு பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து வாசியுங்கள். உதைபந்தாட்டம் பற்றியது என்று பெற்றோர்கள் தாண்டிப் போய்விட வேண்டாம். உங்களுக்காகத்தான் எழுதுகிறோம்.

எங்கள் பாடசாலைக்கு மைதானம் என்று ஒன்று கிடையாது. தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே, பெரட்டுக் களத்தை ஒட்டி ஒரு சரிவான துண்டு நிலம்தான் இருக்கிறது. பந்து கீழே போனால் ஒருவன் தேயிலை மலைக்குள் இறங்கித் தேடி எடுத்து வர வேண்டும். மழைக்காலம் என்றால் வரும்போது காலில் அட்டையும் கூட வரும். அந்தத் துண்டு நிலத்தில் அணியைப் பழக்குவது ஆசிரியர்கள் இருவர். இருவரும் தோட்டத்துக்கு வெளியே இருந்து வருபவர்கள். அட்டாளைச்சேனை கல்விக் கல்லூரியில் ஒரே விடுதியில் இருந்தவர்கள். அதனால் இந்தப் பதிவில் எல்லாமே "நாங்கள்"தான்.

அணி சேர்க்கும்போது முன்னால் ஓடிக் கோல் அடிக்க இருபது பேர் கை தூக்குவார்கள். பின்னால் நிற்க யார் என்று கேட்டால் சத்தமே இராது. சப்பாத்து உள்ளவன் நாடாவைப் பார்ப்பான், இல்லாதவன் காலைப் பார்ப்பான். அன்று கை தூக்கியது ஒரே ஒரு பையன். தரம் பதினொன்று. அம்மா கொழுந்து எடுக்கிறார். அவனுக்கு ஐந்தாம் இலக்கத்தைக் கொடுத்தோம், பிறகு தலைவனாகவும் ஆக்கினோம். பின்களத்தில் நால்வரும் ஒரே கோட்டில் நகர வேண்டும், அதுதான் கஷ்டம் என்று விளக்கியபோது அவன் சிரித்தான்.

"நாங்க லைன்லதான் சேர் பொறந்தோம். லைன் புடிக்கிறதா கஷ்டம்?"

போன வருடம் 16 வயதுக்குட்பட்டோருக்கான வலய மட்டப் போட்டிக்கு அந்த அணியோடு பதுளைக்கு இறங்கினோம். எங்கள் பிரிவில் மூன்று அணிகள். பலமான அணி எங்களை 1-0 என்று வென்றது, மற்ற அணியையும் 1-0 என்று வென்றது. நாங்களும் அந்த மற்ற அணியும் மோதியது 0-0. புள்ளி சமன், கோல் சமன், எல்லாம் சமன். நேரமும் போய்விட்டது, மேகமும் இறங்கிவிட்டது. நடுவர் பத்து ரூபாய்க் குற்றி ஒன்றை எடுத்தார். நம் நாட்டுக் குற்றியில் தலையும் இல்லை, பூவும் இல்லை. ஒரு பக்கம் அரச இலச்சினை, மறுபக்கம் இலக்கம். எங்கள் தலைவன் இலச்சினை கேட்டான். இலக்கம் விழுந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் யாரும் பேசவில்லை. பாதி வழியில், முன் இருக்கையில் இருந்து ஒரு குரல் மெதுவாகச் சொன்னது: "வேற யாரையாவது கேக்க விட்டிருக்கலாம். இவனுக்கு ராசி இல்ல."

அதைச் சொன்னது பிள்ளைகள் அல்ல, எங்கள் இருவரில் ஒருவர். யார் என்பதை எழுதப் போவதில்லை, ஏனென்றால் மற்றவரும் அதை மறுத்துப் பேசவில்லை. ஆகவே நாங்கள்தான் சொன்னோம். ஐந்தாம் இலக்கப் பையன் இரண்டு இருக்கை பின்னால் இருந்தான்.

திங்கட்கிழமை அவன் பாடசாலைக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. மூன்றாம் வாரம் லயத்துக்குப் போனோம். அம்மா வாசலிலேயே சொன்னார், "கொழும்பில கடை வேலைக்கு ஆள் கேக்குறாங்களாம் சேர். போறேங்கிறான். நான் சொல்லிப் பாத்துட்டேன்."

அவன் வெளியே வந்தான். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ராசி இல்லாதவன் படிச்சி என்ன சேர் செய்யிறது?"

எங்களுக்குத் தொண்டை அடைத்தது. வழக்கமாகச் சொல்வதைச் சொன்னோம்: படிப்புதான் முக்கியம், விளையாட்டு வேறு, வாழ்க்கை வேறு. அது அவன் காதில் ஏறவில்லை என்பது தெரிந்தது. நாங்கள் வைத்த முள்ளை எடுக்காமல் மேலே எண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம்.

அடுத்த ஞாயிறு மறுபடி போனோம். இந்த முறை அவனுக்கு ஒரு கதை கொண்டு போனோம். நம் நாட்டுக் கதைதான். உங்களுக்கும் சொல்கிறோம்.

நிசாம் பக்கீர் அலி என்ற பெயரை எங்கள் வயதுக்காரர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இலங்கைத் தேசிய அணியின் பின்கள வீரர். 1980களில் டாக்காவுக்குப் போய் அபஹானி கழகத்துக்கு ஆடினார். அன்றைய டாக்காவில் அபஹானியும் முகம்மதானும் மோதும் நாள் என்றால் நகரமே இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஒரு பக்கம் வான்நீலக் கொடி, மறுபக்கம் கறுப்பு வெள்ளை. அந்தப் பத்தாண்டில் அபஹானி 1983, 1984, 1985 என்று மூன்று வருடம் தொடர்ந்து டாக்கா லீக்கை வென்றது. வெளிநாட்டில் இருந்து வந்த ஒருவர், கோல் அடிக்கும் வேலையும் இல்லாதவர், அங்கே மக்கள் மனதில் இடம் பிடித்தார் என்றால் அது சின்ன விஷயம் இல்லை. கோல் அடிப்பவனை ஒரு நிமிடத்தில் ரசிகனுக்குப் பிடித்துவிடும். பின்னால் நிற்பவனைப் பிடிக்கப் பல வருடம் பார்க்க வேண்டும்.

ஆடி முடித்த பிறகு பயிற்றுவிப்பாளர் ஆனார். 2018இல் இலங்கைத் தேசிய அணி அவர் கையில் வந்தது. உலகத் தரவரிசையில் அடியில் இருந்து எண்ணினால் சீக்கிரம் வந்துவிடும் அணி அது. அந்த அணியோடு அவர் பங்களாதேஷுக்குப் போனார். ஓகஸ்ட் 29ஆம் திகதி நீல்பாமாரியில் நடந்த நட்புப் போட்டியில் பங்களாதேஷை அவர்கள் மண்ணிலேயே 1-0 என்று வென்றார்கள். அடுத்த வாரம் டாக்காவில் தெற்காசியக் கிண்ணப் போட்டி. தான் இளைஞனாக ஆடிய அதே டாக்கா ஸ்டேடியத்துக்கு இப்போது பயிற்றுவிப்பாளராக வந்து நின்றார். பெயர் மட்டும் பங்கபந்து தேசிய விளையாட்டரங்கு என்று மாறியிருந்தது.

பிரிவில் மூன்று அணிகள்: இந்தியா, மாலைதீவு, இலங்கை. செப்டெம்பர் 5ஆம் திகதி இந்தியாவிடம் 2-0 தோல்வி. 7ஆம் திகதி மாலைதீவுடன் 0-0. இனி எல்லாம் 9ஆம் திகதி இந்தியா - மாலைதீவு ஆட்டத்தில் இருந்தது. மாலைதீவு 3-0 என்று தோற்றிருந்தால் இலங்கை அரையிறுதியில். 1-0 என்று தோற்றிருந்தால் மாலைதீவு அரையிறுதியில். அவர்கள் தோற்றது சரியாக 2-0.

புள்ளி சமன். கோல் சமன். எல்லாம் சமன்.

நாணயத்தைச் சுண்டினார்கள். மாலைதீவு அரையிறுதிக்குப் போனது. இலங்கை வீட்டுக்கு வந்தது.

இந்த இடத்தில் பையன் முதல் தடவையாக நிமிர்ந்து எங்களைப் பார்த்தான். "உண்மையாவா சேர்?"

உண்மைதான் மகன். இன்னும் இருக்கிறது, கேள் என்றோம். அந்த மாலைதீவு அரையிறுதியில் நேபாளத்தை வென்றது. 15ஆம் திகதி இறுதிப் போட்டியில் இந்தியாவை 2-1 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கியது. நாணயம் மற்றப் பக்கம் விழுந்திருந்தால் அந்த அரையிறுதியில் நிற்க வேண்டியது நம் பையன்கள்.

நாங்கள் அவனுக்குச் சொன்ன அடுத்த கதை தூரத்துத் தீவொன்றின் கதை. அயர்லாந்து.

மிக் மெக்கார்த்தி என்று ஒரு பின்கள வீரர். பிறந்தது இங்கிலாந்தில் பார்ன்ஸ்லி என்ற ஊரில். வாப்பா அயர்லாந்துக்காரர், அதனால் அயர்லாந்துக்கு ஆடினார், மொத்தம் 57 ஆட்டம். வேகம் குறைவு, அலங்காரம் எதுவும் இல்லை. தலையாலும் காலாலும் பந்தை ஆபத்தில் இருந்து வெளியே அனுப்புவதே அவர் வேலை. 1990இல் அயர்லாந்து முதல் தடவையாக உலகக் கிண்ணத்துக்குப் போனபோது அவர்தான் தலைவர். இங்கிலாந்துடன் 1-1, எகிப்துடன் 0-0, நெதர்லாந்துடன் 1-1. கடைசியில் பார்த்தால் அயர்லாந்தும் நெதர்லாந்தும் புள்ளியிலும் சமன், அடித்த கோலிலும் வாங்கிய கோலிலும் சமன்.

அங்கேயும் சீட்டுக் குலுக்கினார்கள். அயர்லாந்துக்கு இரண்டாம் இடம் விழுந்தது, நெதர்லாந்துக்கு மூன்றாம் இடம். இரண்டாம் இடம் வந்த அயர்லாந்து ருமேனியாவைச் சந்தித்து, 0-0 முடிந்து, பெனால்டியில் வென்றது. மூன்றாம் இடம் வந்த நெதர்லாந்து அப்போதைய ஐரோப்பிய சம்பியன். அது மேற்கு ஜேர்மனியிடம் போய் விழுந்து 2-1 என்று வெளியேறியது. அந்த மேற்கு ஜேர்மனிதான் கிண்ணத்தையும் வென்றது. அயர்லாந்து காலிறுதியில் ரோமில் இத்தாலியிடம் 1-0 என்று தோற்றது. அந்த உலகக் கிண்ணத்தில் அவர்கள் ஒரு ஆட்டத்தையும் நேராக வெல்லவில்லை, ஐந்து ஆட்டத்தில் அடித்தது இரண்டே இரண்டு கோல். ஆனாலும் ஊர் திரும்பியபோது டப்ளின் தெருக்களில் மக்கள் வெள்ளம்.

ஒரே மாதிரியான குலுக்கல். ஒருவருக்கு இப்படி விழுந்தது, மற்றவருக்கு அப்படி விழுந்தது. இரண்டிலும் ராசி பார்த்து ஆளைத் தீர்மானித்தால் மெக்கார்த்தி ராசிக்காரர், பக்கீர் அலி ராசி இல்லாதவர் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை.

மெக்கார்த்தி 1996இல் அயர்லாந்துக்கே பயிற்றுவிப்பாளர் ஆனார். 2002 உலகக் கிண்ணத்துக்கு முன் சைப்பான் தீவில் முகாம். மைதானம் கல் மாதிரி, பயிற்சிப் பந்துகள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. அணித் தலைவர் ரோய் கீனுக்குக் கோபம். வாய்ச்சண்டை முற்றி, கீன் வீட்டுக்குப் போக, நாடே இரண்டாகப் பிரிந்தது. (கல் மாதிரி மைதானம், வராத பந்து என்றதும் பையன் சிரித்துவிட்டான். "நம்ம கிரவுண்ட் மாதிரியே இருக்கு சேர்.") தலைவர் இல்லாமலே அந்த அணி இரண்டாம் சுற்று வரை போய், தென்கொரியாவின் சுவோன் நகரில் ஸ்பெயினிடம் பெனால்டியில் தோற்றது. பன்னிரண்டு வருடம் முன் பெனால்டியில் வென்றவருக்கு இப்போது பெனால்டியில் தோல்வி.

பக்கீர் அலிக்கும் நாணயம் ஒரு தடவை மற்றப் பக்கம் விழுந்தது. 2019 ஜூன் 6ஆம் திகதி, 2022 உலகக் கிண்ணத்துக்கான தகுதிச் சுற்றில் இலங்கை மக்காவுவிடம் 1-0 என்று தோற்றது. இரண்டாவது ஆட்டம் ஐந்து நாள் கழித்துக் கொழும்பில். ஈஸ்டர் ஞாயிறு தாக்குதல் நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த நாட்களில் நாங்கள் எப்படிப் பாடசாலைக்குப் போய் வந்தோம், எங்கள் சக ஆசிரியைகள் என்ன பாடுபட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், அதை இங்கே எழுதவில்லை. மக்காவு அணி இலங்கைக்கு வரவில்லை. ஃபீஃபா 3-0 என்று இலங்கைக்கு வெற்றி கொடுத்தது. ஆடாமலே அடுத்த சுற்று.

அடுத்த சுற்றில் என்ன நடந்தது? அந்த வருடத்தில் ஐந்து ஆட்டம், ஐந்தும் தோல்வி. துருக்மெனிஸ்தான் 2-0. வடகொரியா 1-0. தென்கொரியா 8-0. லெபனான் 3-0. மறுபடி துருக்மெனிஸ்தான் 2-0. ஒரு கோல்கூட நம் பக்கம் இல்லை. அந்த எட்டு கோல் வாங்கியது ஹ்வாசோங் நகரில், மெக்கார்த்தி ஸ்பெயினிடம் தோற்ற சுவோனுக்குப் பக்கத்து ஊர். ராசியில் கிடைத்த வெற்றி அவ்வளவு தூரம்தான் கொண்டு போகும். அதற்கு மேல் போக மைதானம் வேண்டும், சத்தான சாப்பாடு வேண்டும், பத்து வயதில் இருந்து பழக்கியவர்கள் வேண்டும்.

ஆனால் பையனிடம் ஒரு எண்ணைக் காட்டினோம். வடகொரியா 1-0. 2010 உலகக் கிண்ணத்தில் பிரேசிலுடன் ஆடிய நாடு அது. அதற்கு எதிராகக் கொழும்பில் நம் பின்களம் தொண்ணூறு நிமிடத்தில் விட்டது ஒரே ஒரு கோல். அதற்கு முந்திய வருடம் கிண்ணம் வென்ற மாலைதீவுக்கு விட்டது பூச்சியம். அரையிறுதியிலும் இறுதியிலும் ஐந்து கோல் அடித்த மாலைதீவால் நமக்கு எதிராக ஒன்றுகூட அடிக்க முடியவில்லை.

பூச்சியத்துக்கு யாரும் மாலை போடுவதில்லை. பத்திரிகையில் அடித்தவன் பெயர் வரும், அடிக்க விடாதவன் பெயர் வராது. கணிதம் படிப்பிக்கிற எங்களுக்கே இது உறைக்க இவ்வளவு காலம் ஆகிவிட்டது. அந்த நாணயம் மேலே போக வேண்டும் என்றால்கூட முதலில் யாரோ ஒருவன் தொண்ணூறு நிமிடம் பின்னால் நின்று 0-0 என்று பிடித்து வைத்திருக்க வேண்டும். பதுளையில் நாங்கள் நாணயம் வரை போனதே அந்தப் பையனால். அவன் இல்லாவிட்டால் குற்றியை எடுக்கும் வேலையே நடுவருக்கு இருந்திருக்காது. அதை விட்டுவிட்டு, அரை விநாடி காற்றில் சுழன்ற பத்து ரூபாய்க்காக அவனைக் குற்றம் சொன்னோம்.

அதை அவனிடம் சொன்னோம். அம்மாவின் முன்னாலேயே சொன்னோம். "பஸ்ஸில சொன்னது பிழை மகன். நாங்க சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சிக்கொள்ளு."

ஆசிரியர் தொழிலுக்கு வந்து இத்தனை வருடத்தில் ஒரு மாணவனிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. கல்விக் கல்லூரியில் பாடத்திட்டம் தயாரிக்கச் சொல்லித் தந்தார்கள், வகுப்பறை முகாமைத்துவம் சொல்லித் தந்தார்கள். இதை யாரும் சொல்லித் தரவில்லை. அம்மா பதறிப் போய், "ஐயோ சேர், என்னத்துக்கு சேர் இதெல்லாம்" என்று தேத்தண்ணி போட உள்ளே ஓடினார்.

பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்.

"காசு சுண்டி தோத்ததும் அந்த சேர் என்ன செஞ்சாரு?"

"அடுத்த ஆட்டத்துக்கு அணியைப் பழக்கினார்."

"அந்த எட்டு கோல் வாங்கின பொறகு?"

"ஐந்து நாளில் லெபனானோடு ஆட்டம். அதற்குப் பழக்கினார்."

"பொறகு?"

2020இல் தேசிய அணியின் பொறுப்பு அவர் கையை விட்டுப் போனது. அதே வருடம் ஏப்ரலில், இரண்டாவது தடவையாக அயர்லாந்தைப் பொறுப்பேற்றிருந்த மெக்கார்த்தியும் விலகினார். இருவரும் வீட்டில் உட்காரவில்லை. மெக்கார்த்தி சைப்பிரஸ் நாட்டில் ஒரு கழகத்துக்குப் போனார். பக்கீர் அலி மறுபடி பங்களாதேஷுக்கே போய், போலீஸ் கழகத்தின் பயிற்றுவிப்பாளர் ஆனார்.

இதைச் சொன்னதும் பையன் தலையை ஆட்டினான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாங்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மலை இறங்கினோம்.

புதன்கிழமை பாடசாலைக்கு வந்தான்.

கதையை இனிப்பாக முடிக்க எங்களுக்கு விருப்பம் இல்லை. அந்த அணியில் இருந்த இன்னும் இருவர் கொழும்புக்குப் போய்விட்டார்கள். அவர்கள் வீட்டுக்கும் போனோம், எங்களால் நிறுத்த முடியவில்லை. அங்கே அரிசி மூட்டையின் கணக்கு வேறு. எங்கள் கதை அதை மாற்றாது. ஐந்தாம் இலக்கப் பையன் மட்டும் பரீட்சை எழுதினான். கணிதத்தில் சாதாரண சித்திதான், ஆனால் சித்தி. இப்போது டவுனில் உயர்தரம் படிக்கிறான். சனிக்கிழமைகளில் அந்தச் சரிவு நிலத்துக்கு வந்து தரம் ஆறு, ஏழு பிள்ளைகளைப் பழக்குகிறான். போன வாரம் அவன் அவர்களைக் கேட்டதைத் தூரத்தில் நின்று கேட்டோம்: "பின்னால நிக்க யாரு?" மூன்று பேர் கை தூக்கினார்கள்.

பெற்றோருக்கு எங்கள் ஒரே வேண்டுகோள். பிள்ளை விளையாடிவிட்டு வந்தால் "எத்தனை கோல் அடிச்சே?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எத்தனை தடுத்தே?" என்றும் ஒரு தடவை கேளுங்கள். பரீட்சைப் பெறுபேறு வரும் நாளிலும் அப்படித்தான். உங்கள் வீட்டிலும் பின்னால் நிற்கும் பிள்ளை ஒன்று இருக்கும். தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு, தண்ணீர் தூக்கிக்கொண்டு, வீடு விழாமல் பிடித்துக்கொண்டு நிற்கும். அதன் பெயர் எந்தப் பலகையிலும் வராது. "ராசி இல்ல" என்ற சொல்லை மட்டும் அந்தப் பிள்ளையின் தலையில் வைத்துவிடாதீர்கள். நாங்கள் வைத்தோம். எடுப்பதற்கு மலை ஏற வேண்டி வந்தது.

டவுனில் உள்ள சகோதரர்களுக்கு: பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன உதைபந்தாட்டச் சப்பாத்து வீட்டில் கிடந்தால் கழுவி எடுத்து வையுங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, தைத்துக்கொள்வோம். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெரட்டுக் களத்துப் பக்கம் வந்தால் நாங்கள் இருப்போம். பந்து மலைக்குள் போனால் இறங்கித் தேடவும் ஆள் தேவை.